நகராண்மைத் தேர்தலும் மக்கள் மனப்பான்மையும்: மலேசியா, சிங்கப்பூர் – ஓர் ஒப்பீடு

ஒரு நாட்டின் அரசியல் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் நாடாளுமன்றத்தையும் அமைச்சரவையையுமே நோக்குவர். நகராண்மைக் கழகத்தின் கூட்ட அறை அவர்தம் கண்ணில் படுவதில்லை. ஆனால், குடிமகன் ஒருவன் நாள்தோறும் காணும் அரசு எது? வீட்டுக் குப்பையை அள்ளுவதும், தெருவிளக்கு எரியச் செய்வதும், சாக்கடையைத் தூர்வாருவதும், சந்தையில் கடை வைக்க உரிமம் தருவதும், வீட்டுக்கு மதிப்பீட்டு வரி விதிப்பதும் ஊராட்சியின் பணிகளே. பேரரசு தொலைவில் இருக்கிறது. ஊராட்சியோ வாயிற்படியில் நிற்கிறது.

இவ்வகையில் ஒப்புநோக்கத்தக்க இரு நாடுகள் மலேசியாவும் சிங்கப்பூரும். இரண்டும் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் வளர்ந்தவை. 1963 முதல் 1965 வரை ஒரே நாடாகவும் இருந்தவை. இரண்டிலும் பின்னாளில் நாட்டை ஆண்ட கட்சிகள் மக்களின் வாக்குப் பலத்தை அறிந்துகொண்ட பயிற்சிக்களம் நகராண்மைத் தேர்தலேயாகும். இரண்டிலும் அக்கட்சிகளின் ஆட்சியிலேயே அத்தேர்தல் மறைந்தது. ஏறிய ஏணி ஒரு வகையினதே. அதனை எடுத்துவைத்த காரணங்கள் வேறு. அதன்பின் மக்களிடையே வளர்ந்த மனப்பான்மையும் வேறு. அவ்வேறுபாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரி கொடுத்தோர் வாக்கு

நகராண்மைத் தேர்தல் இந்நிலப்பகுதிக்குப் புதிதன்று. ஜார்ஜ் டவுன் நகரில் 1857ஆம் ஆண்டிலேயே வரி செலுத்துவோர் வாக்களித்து நகராண்மை ஆணையர்களைத் தேர்ந்தெடுத்தனர். எனினும் அது மக்களின் வாக்கன்று, சொத்துடையோரின் வாக்கு. 1913ஆம் ஆண்டின் நகராண்மைச் சட்டம் அதனையும் நீக்கிவிட்டது. அதன்பின் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ஆளுநர் நியமித்தவர்களே ஆணையர்களாய் அமர்ந்தனர். அந்நாளில் நகரத்தின் தெருவைக் கூட்டியவர்களிலும் சாலைக்குக் கல் பரப்பியவர்களிலும் பெரும்பகுதியினர் தமிழ்த் தொழிலாளர்கள். அவர்கள் கையால் நகரம் தூய்மை பெற்றது. ஆனால் அந்நகரத்தின் ஆட்சியில் அவர்களுக்குக் குரல் இருந்ததில்லை.

இரண்டாம் உலகப்போர் இந்நிலையை மாற்றிற்று. சப்பானியர் ஆட்சிக்குப்பின் மீண்டு வந்த பிரிட்டிஷார், முன்போல் நியமனத்தால் மட்டும் ஆள இயலாது என்பதை உணர்ந்தனர். தன்னாட்சிக்கு மக்களைப் பழக்க வேண்டுமாயின் முதற்பாடம் நகராண்மையிலேயே தொடங்க வேண்டும் என்பது அவர்கள் கருத்தாயிற்று. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டுக் காடுகளில் கம்யூனிஸ்டுகளுடன் போர் நடந்துகொண்டிருந்த வேளையிலேயே, 1950ஆம் ஆண்டில் மலாயாக் கூட்டரசில் ஊராட்சித் தேர்தல் சட்டம் இயற்றப்பட்டது. துப்பாக்கியின் அருகே வாக்குப்பெட்டியையும் வைத்தால்தான் மக்களின் நம்பிக்கையைப் பெற முடியும் என்ற எண்ணம் அதில் அடங்கியிருந்தது.

கோலாலம்பூரில் பிறந்த கூட்டணி

அச்சட்டத்தின்படி 1951 டிசம்பர் முதல் நாள் ஜார்ஜ் டவுன் மக்கள் வாக்களித்தனர். தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 9 இடங்களில் 6 இடங்களைப் பினாங்கு ராடிக்கல் கட்சி வென்றது. ஆண்டுதோறும் உறுப்பினருள் மூன்றில் ஒரு பகுதியினர் பதவி விலகித் தேர்தல் நடக்கும் முறை அந்நகரில் நிலவியது. ஆகவே வாக்காளர் தம் தீர்ப்பைக் கூற நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதில்லை.

வரலாற்றின் போக்கை மாற்றியது அடுத்து நடந்த கோலாலம்பூர்த் தேர்தல். 1952 பிப்ரவரி 16ஆம் நாள் 12 இடங்களுக்கு அங்குப் போட்டி நிகழ்ந்தது. அம்னோவை நிறுவிய டத்தோ ஓன் ஜாபார், எல்லா இனத்தவர்க்கும் அக்கட்சியின் கதவைத் திறக்க விரும்பி, அது நிறைவேறாமற்போகவே வெளியேறி, மலாயாச் சுதந்திரக் கட்சியை 1951இல் தொடங்கியிருந்தார். இன அடிப்படையற்ற அக்கட்சிக்கு ம.இ.கா.வும் அந்நேரத்தில் துணைநின்றது. அதனை எதிர்கொள்ள, அம்னோவின் கோலாலம்பூர்க் கிளையினரும் சிலாங்கூர் ம.சீ.ச.வினரும் தம் தனித்தன்மையை விடாமலே கைகோத்தனர். முடிவு பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. அம்னோ – ம.சீ.ச. கூட்டு 9 இடங்களையும், ஓன் ஜாபாரின் கட்சி 2 இடங்களையும், சுயேச்சை ஒருவர் ஓரிடத்தையும் பெற்றனர்.

ஒரு நகரத்தின் 12 இடங்களுக்காகச் செய்துகொள்ளப்பட்ட இந்த ஏற்பாடே நாடு தழுவிய கூட்டணிக் கட்சியாய் வளர்ந்தது. 1954இல் ம.இ.கா.வும் அதில் இணைந்தது. 1955இல் நடந்த முதல் கூட்டரசுத் தேர்தலில் 52 இடங்களில் 51 இடங்கள் அக்கூட்டணிக்கே கிடைத்தன. மலேசிய அரசியலின் அடித்தளமாகப் பல பத்தாண்டுகள் விளங்கிய இனக்கட்சிகளின் கூட்டுறவு நகராண்மை வாக்குச்சாவடியில் பிறந்தது என்பதை மறத்தலாகாது.

நகரங்களோடு இவ்வுரிமை நின்றுவிடவில்லை. அவசரகாலத்தில் காட்டோரங்களிலிருந்து பெயர்த்துக் குடியேற்றப்பட்டவர்களின் புதுக்கிராமங்களுக்கும் 1952ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்மன்றங்களை வழங்கியது. முள்வேலிக்குள் வாழ்ந்தோரும் தம் சாக்கடையையும் சந்தையையும் பற்றித் தாமே முடிவெடுக்கத் தொடங்கினர். ஆனால் தமிழர் மிகுதியாய் வாழ்ந்த இரப்பர்த் தோட்டங்கள் தனியார் நிலங்களாகையால், பெரும்பாலும் ஊராட்சி எல்லைக்கு வெளியே நின்றன. தோட்டத்து லயத்தின் குழாய்க்கும் விளக்குக்கும் நிருவாகியே அதிகாரி. ஊராட்சி வாக்கு என்னும் முதற்பாடத்தைத் தோட்டத்துத் தமிழர் கற்க வாய்ப்பே வரவில்லை. அவர்தம் அரசியல் வரலாற்றை ஆராய்வோர் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி இது.

நகரத்துத் தமிழர் நிலை வேறு. 1957 சனவரி முதல் நாள் ஜார்ஜ் டவுன் மாநகரத் தகுதி பெற்றபோது அதன் முதல் மேயராய் அமர்ந்தவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். இராமநாதன். சீனர் பெரும்பான்மையினராய் வாழ்ந்த நகரத்தில், மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் ஒரு தமிழரைத் தலைமை இருக்கையில் அமர்த்தியது. அவ்வாறே ஈப்போவில் இலங்கைத் தமிழ் மரபினரான சீனிவாசகம் உடன்பிறப்புகளின் மக்கள் முற்போக்குக் கட்சி நகர மன்றத்தை வென்று நெடுங்காலம் நடத்தியது. அங்கும் வாக்காளருள் பெரும்பான்மையினர் சீனரே.

சிங்கப்பூரின் ஒரே மேயர்

சிங்கப்பூரில் நிகழ்ந்தது வேறொரு கதை. அங்குப் போருக்குப்பின் நடந்த முதல் தேர்தல்களில் மக்கள் ஊக்கம் காட்டவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலுக்குத் தம் பெயரைப் பதிவு செய்துகொண்டோர் 22,000 பேரளவினரே. அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் இந்தியர் என்பது குறிப்பிடத்தக்கது. பிரிட்டிஷ் குடிமக்களுக்கே வாக்குரிமை என்ற விதி பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வந்தோர்க்கு வழிதிறந்தது. 1949இல் நகராண்மைக்கு நடந்த தேர்தலில் 27 இடங்களுள் 18 இடங்கள் மக்களின் தேர்வுக்கு விடப்பட்டன. அப்போதும் தகுதியுடையோருள் மிகச் சிலரே பதிவு செய்தனர். 1951 செப்டம்பரில் சிங்கப்பூர் மாநகரமாகி, நகராண்மை மாநகர மன்றமாயிற்று.

முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகர மன்றத்துக்கு 1957 டிசம்பர் 21ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. 32 இடங்கள். மக்கள் செயல் கட்சி 14 இடங்களில் போட்டியிட்டு 13 இடங்களை வென்று தனிப்பெருங் கட்சியாயிற்று. ஓங் எங் குவான் மேயரானார். அவர் காலத்தில் மாநகர மன்றக் கூடத்தில் குடியேற்ற ஆட்சியின் சின்னமான செங்கோல் அகற்றப்பட்டது. ஆங்கிலம் அல்லாத மொழிகளும் மன்றத்தில் ஒலித்தன. குறை கூறுவோர்க்கெனத் தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. நகரத்தின் விளிம்பில் வாழ்ந்த ஏழை மக்கள், தம்மையும் கேட்க ஒருவர் இருக்கிறார் என்று உணர்ந்தனர். அதே வேளையில், அதிகாரிகளுடன் இடைவிடாத மோதலும் வெளிப்பகட்டும் மிகுந்தன என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. 1959 ஏப்ரலில் லிம் இயூ ஹாக்கின் அரசு மன்றத்தின் அதிகாரங்களை எடுத்துக்கொள்ள முற்படவே, ஓங் பதவி விலகினார்.

1959 மே 30ஆம் நாள் நடந்த பொதுத் தேர்தலில் மக்கள் செயல் கட்சி 51 இடங்களில் 43 இடங்களை வென்று ஆட்சி அமைத்தது. மாநகர மன்றத்தை உயிர்ப்பிக்க அவ்வாட்சி முயலவில்லை. அதன் பணிகள் ஒவ்வொன்றாய் அமைச்சுகளுக்கும் கழகங்களுக்கும் மாற்றப்பட்டன. வீடமைப்பை 1960இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும், நீரையும் மின்சாரத்தையும் 1963இல் தோன்றிய பொதுப் பயனீட்டுக் கழகமும் ஏற்றன. ஒரு தீவு, ஒரு நகரம், ஒரு நாடு என்னும் நிலையில் இரண்டு அரசுகள் எதற்கு என்பதே கூறப்பட்ட காரணம். அதில் உண்மை உண்டு. எனினும், தனியே மக்கள் செல்வாக்கு பெற்ற ஒரு மேயர் ஆளுங்கட்சிக்கே போட்டியாக முடியும் என்ற பாடமும் அதில் கலந்திருந்தது. கட்சியிலிருந்து நீக்கப்பட்ட ஓங், 1961இல் ஹோங் லிம் இடைத்தேர்தலில் அக்கட்சியின் வேட்பாளரையே பெருவாரியான வாக்குகளால் தோற்கடித்ததை இங்கு நினைவுகூரலாம்.

போரும் அறிக்கையும்

மலாயாவில் தேர்தல் ஒரே நாளில் மறையவில்லை. முதலில் 1961இல் கோலாலம்பூரின் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் போய், கூட்டரசுத் தலைநகர ஆணையர் வந்தார். ஏனைய ஊர்களில் 1963இல் நடந்த தேர்தலே இறுதியானது. இந்தோனேசியாவின் எதிர்ப்பு இயக்கம் நாட்டை அச்சுறுத்திய நிலையில், 1965 மார்ச்சில் பிரதமர் துங்கு அப்துல் ரகுமானின் அரசு அவசரகால விதிகளின் கீழ் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்திவைத்தது. அமைதி திரும்பியதும் தேர்தல் திரும்பும் என்று உறுதியும் கூறப்பட்டது. 1966 ஆகஸ்டில் அமைதி உடன்பாடு கையெழுத்தாயிற்று. ஆனால் தேர்தல் திரும்பவில்லை.

இதற்குக் காரணங்கள் பல. ஜார்ஜ் டவுன், சிரம்பான் முதலிய ஊர்களின் மன்றங்கள்மீது நிருவாகச் சீர்கேட்டுக் குற்றச்சாட்டுகள் எழுந்து, அவற்றின் பணிகளை மாநில அரசுகள் ஏற்றிருந்தன. சில மன்றங்களில் தவறு நடந்தது மெய்யே. அம்மன்றங்களிற் பலவற்றை எதிர்க்கட்சியான சோசலிச முன்னணி நடத்தியது என்பதும் மெய்யே. ஊராட்சியின் நிலையை ஆராய 1965இல் செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. ம.இ.கா.வின் முன்னணித் தலைவரும் வழக்கறிஞருமான அவர் ஆளுங் கூட்டணியைச் சேர்ந்தவர். ஆகவே அவருடைய முடிவு ஆட்சிக்கு இசைந்ததாய் இருக்கும் எனப் பலர் எண்ணியிருக்கக்கூடும். ஆனால் 1968 டிசம்பரில் ஆணையம் அளித்த அறிக்கை, குறைகளைக் களைந்து, ஊராட்சி மன்றங்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைக் கொண்டே நடைபெற வேண்டும் என்று பரிந்துரைத்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் தவறு செய்தால் திருத்தவேண்டியது மன்றத்தை. தேர்தலை அன்று என்பதே அதன் சாரம். தன் கட்சியின் வசதியைக் கருதாது சான்றுகள் காட்டிய வழியில் நடந்த இந்த ஆணையத்தின் தலைவர் ஒரு தமிழர் என்பது இந்நாட்டுத் தமிழர் பெருமையுடன் நினைக்கத்தக்கது.

அறிக்கை எழுதப்பட்டதற்கும் வெளிவந்ததற்கும் இடையே 1969 மே 13 நிகழ்ந்தது. கோலாலம்பூரின் தெருக்களில் இனக்கலவரம் குருதி சிந்தியது. 1971இல் அறிக்கை வெளியானபோது நாட்டின் மனநிலையே மாறியிருந்தது. முன்னர்ப் போர் காரணமாய் நின்ற தேர்தல், இனி இன ஒற்றுமையின் பெயரால் நின்றது. கூட்டரசு, மாநிலம் என இரு தேர்தல் இருக்க மூன்றாவது தேர்தல் மிகை என்றும் வாதிடப்பட்டது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தலை அடியோடு நீக்கியது. மேயர் அல்லது தலைவரோடு, 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மேற்படாமலும் மாநில அரசு நியமிக்கும் உறுப்பினர்களே மன்றம் என்று அச்சட்டம் வகுத்தது.

இரு வகை மனப்பான்மை

இவ்விரு போக்குகளின் விளைவை மக்களிடத்தே காணலாம்.

மலேசியாவில் வரி செலுத்துவோன் வேறு, வாக்களிப்போன் வேறு என்னும் நிலை உருவாயிற்று. அவன் ஆண்டுக்கு இருமுறை மதிப்பீட்டு வரி கட்டுகிறான். அதனைச் செலவிடுவோரை அவன் தேர்ந்தெடுப்பதில்லை. பலருக்குத் தம் பகுதி உறுப்பினரின் பெயரும் தெரிவதில்லை. சாக்கடை அடைத்துக்கொண்டால் அவன் சட்டமன்ற உறுப்பினரைத் தேடிச் செல்கிறான். சட்டம் இயற்ற வேண்டியவர் சாக்கடைக்கு ஆள் அனுப்புகிறார். நியமன இடங்களோ ஆளுங் கட்சிகள் தம்முள் பங்கிட்டுக்கொள்ளும் இடங்களாயின. உரிமையாய்க் கேட்க வேண்டியதை உதவியாய்க் கேட்கும் பழக்கம் இதனால் வேரூன்றியது. தலைவரை அறிந்தவனுக்கு வேலை விரைவில் முடிகிறது. அறியாதவன் மனுவை எழுதிவிட்டுக் காத்திருக்கிறான். ஏழைகளுள்ளும் ஏழையாய்த் தோட்டம் விட்டு நகரத்துப் புறம்போக்கில் குடியேறிய தமிழனை இது மிகுதியாய்ப் பாதித்தது எனலாம். ஏனெனில் அவனிடம் இருந்த ஒரே செல்வாக்கு அவனுடைய வாக்கு. அவ்வாக்குக்கு நகராண்மையில் இடமில்லை.

சிங்கப்பூர் வேறு வழியில் சென்றது. 1986இல் அங் மோ கியோவில் சோதனையாய்த் தொடங்கி, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் நகர மன்றங்கள் அமைந்தன. வீடமைப்புப் பேட்டைகளின் பொது இடங்களை நடத்தும் பொறுப்பு அப்பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரிடம் ஒப்படைக்கப்பட்டது. தனித்தேர்தல் இல்லை, ஆனால் நாடாளுமன்றத்துக்கு இடும் வாக்கே பேட்டையின் நிருவாகியையும் தேர்ந்தெடுக்கும் வாக்காயிற்று. தவறானவரைத் தேர்ந்தெடுத்தால் மின்தூக்கியும் குப்பைத் தொட்டியும் அதனை உணர்த்தும் என்பது அதன் உட்கருத்து. 1997ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில், ஆளுங்கட்சிக்கு ஆதரவளிக்கும் வட்டாரங்களுக்கு வீட்டு மேம்பாட்டில் முன்னுரிமை என்ற வாக்குறுதியும் வெளிப்படையாகவே முன்வைக்கப்பட்டது. மறுபுறம், எதிர்க்கட்சிகளும் தம் நிருவாகத் திறனைக் காட்ட இம்முறை இடமளித்தது. பொத்தோங் பாசிரிலும் ஹவ்காங்கிலும் அவை பல ஆண்டுகள் நகர மன்றங்களை நடத்தின. 2011இல் பாட்டாளிக் கட்சி அல்ஜுனிட் குழுத்தொகுதியை வென்றபின் அதன் நகர மன்றக் கணக்குகள் நீதிமன்றம் வரை சென்றன. வேறெதற்கும் இன்றி இதற்காகவேனும் மக்கள் நகர மன்றக் கணக்கைப் படிக்கத் தொடங்கினர்.

ஆகச் சிங்கப்பூர்க் குடிமகனின் மனப்பான்மை கணக்குக் கேட்கும் மனப்பான்மை; ஆனால் அவன் நகரையும் நாட்டையும் ஒரே வாக்கில் அளக்க வேண்டியவனாகிறான். நாட்டின் கொள்கையில் ஒரு கட்சியையும், பேட்டையின் பராமரிப்பில் மற்றொரு கட்சியையும் விரும்புவோனுக்கு வழியில்லை. மேயர் என்னும் பட்டம் பின்னாளில் சமூக மேம்பாட்டு மன்றங்களின்வழி அங்கு மீண்டது. ஆயினும் அம்மேயர்கள் நியமிக்கப்பட்டவர்களே. மலேசியக் குடிமகனோ மாநிலத்திலும் கூட்டரசிலும் ஆட்சியை மாற்றிப் பார்த்துவிட்டான். 2008இல் பினாங்கையும் சிலாங்கூரையும், 2018இல் நடுவண் அரசையும் மாற்றினான். ஆனால் தன் தெருவின் ஆட்சியை மாற்ற அவனால் இயலவில்லை.

அச்சமும் சான்றும்

தேர்தலை மீட்கும் முயற்சி மலேசியாவில் ஓயவில்லை. பினாங்கு மாநில அரசு 2012இல் ஊராட்சித் தேர்தலுக்கெனச் சட்டம் இயற்றியது. கூட்டரசு நீதிமன்றம் 2014இல் அதற்கு இடமளிக்கவில்லை. 2018இல் ஊராட்சி அமைச்சர் தேர்தல் மீளும் என்று கூறிய சில மாதங்களிலேயே, பிரதமர் மகாதீர் அது இனப்பூசலுக்கு வழிவகுக்கும் எனக் கூறி மறுத்துவிட்டார். நகரங்களில் ஓரினத்தார் மிகுந்திருப்பதால் நகராண்மை அவர்கள் கைக்கே போய்விடும் என்ற அச்சம் மலாய்க்காரரிடையே உண்டு. அவ்வச்சத்தை இகழ்ந்து ஒதுக்குதல் முறையன்று. 1969ஐக் கண்ட தலைமுறையின் அச்சம் அது.

எனினும் அச்சத்தோடு சான்றையும் வைத்து எடைபோட வேண்டும். இனங்களைக் கூட்டிவைத்த கூட்டணி பிறந்தது நகராண்மைத் தேர்தலில். சீனர் நிறைந்த ஜார்ஜ் டவுன் தமிழர் ஒருவரை மேயராய்க் கண்டது நகராண்மைத் தேர்தலால். ஈப்போவின் வாக்காளர் சீனிவாசகம் உடன்பிறப்புகளைத் தம்மவராய் ஏற்றதும் அவ்வாறே. குப்பையும் குழாயும் இனம் பார்ப்பதில்லை. அவற்றைப் பற்றி வாக்களிக்கும் மக்கள் இனத்தைக் கடந்து சிந்திக்கவும் வல்லவர் என்பதற்கு இந்நாட்டு வரலாறே சான்று பகர்கிறது. பிளவு உண்டாகாதவாறு தொகுதிகளை வகுக்கவும் எல்லா இனத்தவர்க்கும் இடமளிக்கவும் சட்டத்தால் இயலும். அதற்கு வேண்டிய வழிகளை ஆராயாமலே தேர்தலை மறுப்பது, நோய் வரும் என்று அஞ்சி உணவையே நிறுத்துவது போலாகும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலை முறையைப் பற்றித் தமிழ் மாணவர்கள் பெருமையோடு படிக்கின்றனர். அது தக்கதே. ஆனால் தம் பாட்டனார் ஜார்ஜ் டவுனிலும் ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் வரிசையில் நின்று நகரத்தின் ஆட்சியைத் தேர்ந்தெடுத்ததை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? 1963இல் 21 வயது நிரம்பி மலாயாவின் ஊர்மன்றம் ஒன்றுக்கு வாக்களித்தவர் இன்று எண்பதைக் கடந்தவர். அத்தகையோர் நாளுக்கு நாள் குறைந்துவருகின்றனர். அவர்கள் மறைந்தபின், நியமனமே என்றும் இருந்த முறை என்று அடுத்த தலைமுறை நம்பிவிடும். உரிமை ஒன்று பறிபோவது ஒரு இழப்பு; அது இருந்த நினைவும் போய்விடுவது அதனினும் பெரிய இழப்பு. முன்னதை மீட்கச் சட்டமன்றம் வேண்டும். பின்னதைக் காக்க எழுதுவோரும் கற்பிப்போரும் போதும். அப்பணியை இரு நாட்டுத் தமிழரும் இன்றே தொடங்குதல் நன்று.